காதால் நடித்தவர்

வேலு நாயக்கருக்கு இந்தி வராது. எதிரில் இருக்கும் பம்பாய்க்காரர்களுக்குத் தமிழ் வராது. நடுவில் ஐயர். நாயக்கர் சொல்வதைக் கேட்டு இந்தியில் சொல்ல வேண்டும், அவர்கள் பேசுவதைக் கேட்டுத் தமிழில் சொல்ல வேண்டும். இப்படி ஒரு வேடம் கொடுத்தால் பல நடிகர்கள் தங்கள் முறை வரும்வரை சும்மா நிற்பார்கள். முறை வந்ததும் வசனத்தைச் சொல்லிவிட்டு மறுபடி சும்மா நிற்பார்கள். டெல்லி கணேஷ் அப்படி நிற்கவில்லை. நாயக்கர் வாயிலிருந்து சொல் வரும்போதே, இதை அந்தப் பக்கம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, சேர்த்தால் என்ன ஆகும் என்கிற கவலை அவர் முகத்தில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. 1987இல் வந்த 'நாயகன்' படத்தில் கமல்ஹாசனைப் பார்த்திருப்போம், பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவைப் பார்த்திருப்போம், இளையராஜாவைக் கேட்டிருப்போம். அடுத்த முறை பார்க்கும்போது ஐயர் வரும் இடங்களில் ஐயரை மட்டும் பாருங்கள். நாயக்கர் எவ்வளவு ஆபத்தான மனிதர் என்பதை, பக்கத்தில் இருக்கும் அந்த முகத்தை வைத்தே நாம் அளந்திருக்கிறோம் என்று புரியும்.

2024 நவம்பர் 9 இரவு, 80 வயதில் டெல்லி கணேஷ் காலமானார். 400 படங்களுக்கு மேல் நடித்தவர். முதல் படம் 1977இல். அந்த நாற்பத்தேழு வருஷக் கணக்கில் வருஷத்துக்கு எட்டு ஒன்பது படம் வருகிறது. தொலைக்காட்சித் தொடர்கள், மேடை நாடகங்கள், பின்குரல், குறும்படங்கள் எல்லாம் இதில் சேராது. இறந்த மறுநாள் எல்லாரும் குணச்சித்திர நடிகர் என்று எழுதினார்கள், கமல் படங்களின் நிரந்தர நடிகர் என்று எழுதினார்கள். இரண்டும் சரிதான். ஆனால் நான் எழுத நினைப்பது அவருடைய காதைப் பற்றி. எதிரில் இருப்பவர் பேசுவதை உண்மையாகவே கேட்கும் நடிகர்கள் தமிழில் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரில் அவருக்கு முன்வரிசையில் இடம் உண்டு.

பிறந்தது 1944 ஆகஸ்ட் 1, வல்லநாட்டில். இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது, அப்போது திருநெல்வேலி ஜில்லா. 1964இல் இந்திய விமானப்படையில் சேர்ந்து பத்து வருஷம் வேலை பார்த்தார். 1965 போரும் 1971 போரும் அந்தப் பத்து வருஷத்துக்குள் அடக்கம். டெல்லியில் தமிழர்கள் நடத்திய தட்சிண பாரத நாடக சபாவில்தான் நடிப்பு ஆரம்பம். வேலைக்காக வடக்கே போன தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தக் காலத்தில் தமிழ் கேட்கக் கிடைத்த இடங்கள் குறைவு. ஊர்க்காரர் ஒருவர் மேடையேறி ஊர்ப் பேச்சுப் பேசினால், அதைக் கேட்கவே கூட்டம் வரும். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு முன்னால் பழகியவர் அவர். கீழே இருப்பவர்களில் தஞ்சாவூர்க்காரர் இருப்பார், பாலக்காட்டுக்காரர் இருப்பார், நெல்லைக்காரர் இருப்பார். யார் பேச்சைப் பிழையாகப் பேசினாலும் உடனே தெரிந்துவிடும். ஒரு நடிகனின் காதுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அமைந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

1974இல் படையை விட்டு வந்து சென்னை மேடை. காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் நடித்தார். விசு எழுதிய 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தை 1977இல் கே. பாலசந்தர் படமாக எடுத்தபோது கணேசனுக்குத் திரையில் இடம் கிடைத்தது. டெல்லி கணேஷ் என்று பெயர் வைத்தவரும் பாலசந்தர்தான்.

அந்தக் காலத்துச் சபா நாடகங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேடைக்கு மேலே மைக் தொங்கும். வசனம் உள்ளவர் மைக்குக்கு அடியில் வந்து பேச வேண்டும், பேசி முடித்ததும் அடுத்தவருக்கு இடம் விட்டு நகர வேண்டும். ஜனம் சிரித்தால் சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வரியை எடுக்கக்கூடாது, எடுத்தால் அந்த வரி யாருக்கும் கேட்காமல் போய்விடும். ரொம்ப நேரம் நிறுத்தினாலும் காட்சி செத்துவிடும். அந்த இடைவெளியில் என்ன செய்வது என்பதுதான் மேடை நடிகனின் சாமர்த்தியம். சும்மா நின்றால் மரம் மாதிரி இருக்கும், ஏதாவது சேட்டை செய்தால் அடுத்தவர் வசனம் கெட்டுவிடும். சினிமாவுக்கு வந்த சபா நடிகர்களில் சிலர் கடைசிவரை கேமராவைப் பார்வையாளர்களாக நினைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். டெல்லி கணேஷ் சபாவிலிருந்து கொண்டுவந்தது அந்த இடைவெளியை. அடுத்தவர் பேசும்போது அவருக்கு இடம் கொடுத்துக்கொண்டே உயிரோடு இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சினிமாவுக்கு வந்த மூன்றாவது வருஷத்திலேயே 'பசி'. துரை இயக்கம், 1979 டிசம்பரில் வெளிவந்தது. குப்பை பொறுக்கும் பெண்ணாக ஷோபா. அவளுடைய அப்பாவாக, சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கும் முனியாண்டியாக டெல்லி கணேஷ். ஷோபாவுக்கு அந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. கணேஷுக்குத் தமிழ்நாடு அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது.

இந்தப் படத்தைப் பார்க்காதவர்களுக்கு அவரைப் பாதிதான் தெரியும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அப்போது அவருக்கு 35 வயது. ஷோபாவுக்கு அப்பா. இந்த வயசுக்கணக்கைப் படம் பார்க்கும்போது நாம் யோசிப்பதே இல்லை. உழைத்துத் தேய்ந்த ஆளின் உடம்பு, வீட்டுக்குள் அதிகாரம் பண்ண நினைத்தும் அதற்குக் கையில் காசில்லாதவனின் பேச்சு. அந்தப் பேச்சு முழுக்கச் சென்னைச் சேரித் தமிழ். மேடையிலும் சினிமாவிலும் அந்தத் தமிழைப் பெரும்பாலும் சிரிப்பு மூட்டத்தான் பயன்படுத்துவார்கள். இழுத்து இழுத்துப் பேசினால் ஜனம் சிரிக்கும் என்று ஒரு கணக்கு. இவர் அதில் கோபப்படுகிறார், கெஞ்சுகிறார், அவமானப்படுகிறார். நெல்லைப் பக்கத்தில் பிறந்து, விமானப்படையில் பத்து வருஷம் இருந்து, சென்னைக்கு வந்து ஐந்து வருஷமே ஆன ஒருவர் அந்த மொழியை இவ்வளவு கௌரவமாகப் பேசியிருக்கிறார். பேசியவர்களை உட்கார்ந்து கேட்காமல் இது வராது.

1981இல் 'எங்கம்மா மகாராணி'யில் நாயகனாகவும் நடித்தார். அந்தப் பாதை அதற்கு மேல் நீளவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

1985ஆம் வருஷத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கலாம். செப்டம்பரில் 'ஸ்ரீ ராகவேந்திரர்' வருகிறது, ரஜினிகாந்தின் நூறாவது படம். அதில் டெல்லி கணேஷ் அப்பணாச்சாரியார். ராகவேந்திரரின் பிரதான சீடர். குரு பிருந்தாவனம் என்கிற ஜீவசமாதிக்குள் போகும் நேரத்தில் பக்கத்தில் இல்லாமல், ஆற்றைக் கடந்து ஸ்தோத்திரம் பாடிக்கொண்டே ஓடி வந்து, கடைசி வரி தொண்டையில் அடைத்து நின்றுபோனவர் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. மிச்ச வரி பிருந்தாவனத்துக்கு உள்ளிருந்து வந்தது என்பார்கள். அந்த ஒரு தவிப்புக்காகவே எழுதப்பட்ட மாதிரியான பாத்திரம் இது.

அதே வருஷம் தீபாவளிக்கு 'சிந்து பைரவி'. அதில் அவர் மிருதங்க வித்வான் குருமூர்த்தி, குடிப்பழக்கம் உள்ளவர். கச்சேரிக்குக் குடித்துவிட்டு வந்ததற்காக, கதாநாயகனான பாடகர் ஜே.கே.பி. அவரை ஒதுக்கிவிட்டு, மிருதங்கம் இல்லாமலே பாடுகிறார். பிறகு ஜே.கே.பி.யே குடியில் விழப்போகிறார் என்பதற்குக் கதை அங்கேயே விதை போட்டுவிடுகிறது. இதை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் கவனித்தது வேறு. வித்தை கையில் இருக்கிறது, அதை வாசிக்கும் தகுதியை அவரே கெடுத்துக்கொண்டுவிட்டார், அது அவருக்கே தெரிகிறது. இந்த மூன்றையும் சேர்த்துக் காட்டுவதற்கு அவருக்குக் கிடைத்த நேரம் ரொம்பக் குறைவு. சிவகுமார், சுஹாசினி, சுலக்‌ஷணா மூவரைச் சுற்றி ஓடும் படம் அது. அந்த நெரிசலுக்குள் ஒரு மனிதரின் முழு வாழ்க்கையையும் நமக்குத் தெரியவைத்துவிடுகிறார். பக்கவாத்தியக்காரர் வேடத்தை அவருக்குக் கொடுத்த பாலசந்தருக்கு ஆளைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. நல்ல மிருதங்கக்காரர் பாடுகிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். டெல்லி கணேஷ் எல்லாப் படத்திலும் செய்தது அதுதான்.

அப்புறம் கமல் படங்கள். 1987இல் ஐயர். 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் பிரான்சிஸ் அன்பரசு, கமல் நடித்த அப்புவின் அப்பாவைக் கொன்ற நால்வரில் ஒருவர். 1990இல் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பாலக்காட்டு மணி ஐயர். மூன்றே வருஷத்தில், ஒரே கதாநாயகனுக்கு விசுவாசமான கூட்டாளி, கொலைகார எதிரி, பாசமுள்ள வளர்ப்பு அப்பா. மூன்றிலும் அதே முகம்தான். பெரிய ஒப்பனை மாற்றம் எதையும் நம்பி அவர் நடிக்கவில்லை. பேச்சின் வேகத்தையும் கழுத்தின் விறைப்பையும் மாற்றுகிறார், ஆள் மாறிவிடுகிறார்.

மணி ஐயரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுத ஆசை. நான்கு கமல்ஹாசன்கள் உள்ள படம். கிரேசி மோகன் வசனம், சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம். ஒரு வரி சிரிப்பை நீங்கள் முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். இந்த மாதிரிப் படத்தில் துணை நடிகர்களுக்கு உள்ள ஆபத்து, அவர்களும் சிரிக்கவைக்கப் பார்ப்பது. டெல்லி கணேஷ் அதைச் செய்யவே இல்லை. மணி ஐயருக்குத் தன்னைச் சுற்றி நடப்பது எதுவும் வேடிக்கை இல்லை. கல்யாணச் சமையலை ஒப்புக்கொண்ட மனிதர். சாம்பாரில் மீன் கிடக்கிறது என்றால், அவரைப் பொறுத்தவரை அது தொழிலுக்கும் குலத்துக்கும் மானத்துக்கும் ஒரே நேரத்தில் வந்த ஆபத்து. பந்தியில் ஜனம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் நான்கு கமல்களில் ஒருவனான அவருடைய வளர்ப்புப் பிள்ளை காமேஸ்வரன் தடுமாறுகிறான், மறுபக்கம் விஷயம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் முகத்தில் இருக்கும் பயம் நூறு சதவீதம் நிஜமான பயம். அதனால்தான் நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். அவரும் கூடச் சேர்ந்து கண்ணடித்திருந்தால் அந்தக் காட்சி பத்து வருஷத்தில் பழசாகியிருக்கும்.

இதோடு அந்தப் பாலக்காட்டுத் தமிழ். மலையாள ராகம் ஏறிய தமிழ் அது. வாக்கியத்தின் கடைசியில் குரல் மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும். கமல் இளைஞனுக்குரிய பதற்றத்தோடு அதைப் பேசுகிறார். டெல்லி கணேஷ் வயசுக்குரிய நிதானத்தோடு பேசுகிறார். இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்த பேச்சுப் பேசுகிறார்கள் என்று காது நம்பிவிடுகிறது. காமேஸ்வரன் மணி ஐயர் பெற்ற பிள்ளை இல்லை, எடுத்து வளர்த்த பிள்ளை. ரத்தத்தில் வராத உறவு பேச்சில் வந்திருக்கிறது என்பதை அந்த உச்சரிப்பு ஒன்றே சொல்லிவிடுகிறது. 1996 தீபாவளிக்கு வந்த 'அவ்வை சண்முகி'யில் சேதுராம ஐயராக வந்தபோது பேச்சு மறுபடி வேறு. பாலக்காட்டின் சாயல் ஒரு சொல்லில்கூட ஒட்டியிருக்காது.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 'பசி'யில் முனியாண்டியாக நின்றவரைத் தமிழ் சினிமா கொஞ்சம் கொஞ்சமாக ஐயர் வேடத்துக்குள் உட்காரவைத்துவிட்டது. சமையல்காரரா, கூப்பிடு. பெண்ணின் அப்பாவா, குடும்ப டாக்டரா, கோயில் குருக்களா, கூப்பிடு. அவர் வந்தார், ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் செய்துகொடுத்தார். அதில் சோர்வு தெரியாது. ஆனால் ரிக்‌ஷாக்காரர் வேடத்தை அவ்வளவு சத்தியமாகச் செய்த ஒருவருக்கு, அதே கனமுள்ள இன்னும் பத்து வேடங்கள் வந்திருக்க வேண்டும். பெரும்பாலான இயக்குநர்கள் அவரிடம் கேட்டது அவரால் முடிந்ததில் கால்வாசிகூட இல்லை. குணச்சித்திர நடிகர்கள் எல்லாருக்குமே இந்தக் கதிதான் என்றாலும், இவர் விஷயத்தில் இழப்பு கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

அவர் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலசந்தரின் '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் டெல்லி கணேஷ்தான். இளம் கதாநாயகன், அதுவும் மனைவியைப் பாரிஸுக்குக் கூட்டிப்போய் ஏமாற்றும் வஞ்சகன். படம் பார்க்கும்போது டெல்லி கணேஷ் ஞாபகத்துக்கே வரமாட்டார். டப்பிங் தியேட்டரில் இருட்டில் நின்று, திரையில் வேறொருவரின் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே பேசுவது தனி வித்தை. அவர் எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கே நீங்களும் வாங்க வேண்டும். இதுவும் கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே வரும் வேலை.

எங்கள் வீட்டில் அம்மா சமையலறையில் இருந்தபடியே தொடர் பார்க்கிற ஆள். பார்ப்பது என்ன, கேட்பதுதான். தாளிக்கிற சத்தத்துக்கு நடுவில் யார் அழுகிறார்கள், யார் வஞ்சம் பேசுகிறார்கள் என்று குரலை வைத்தே கதையைத் தொடர்வார். டெல்லி கணேஷ் குரல் கேட்டால் மட்டும் கரண்டியோடு ஹாலுக்கு வந்து எட்டிப் பார்ப்பார். "அவர் பேசினா ஏதோ நம்ம வீட்டு விஷயம் மாதிரி இருக்கு" என்பார். சன் டிவியில் 'கஸ்தூரி', 'செல்லமே' எல்லாம் ஓடிய காலம் அது.

தொலைக்காட்சித் தொடர் நடிப்பைத் தாழ்வாக நினைப்பவர்கள் ஒருநாள் அந்தப் படப்பிடிப்புக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வாடகைக்கு எடுத்த பங்களா, அதன் ஹாலில் பத்துப் பதினைந்து பேர். ஒரு நாளைக்குள் இத்தனை நிமிஷம் எடுத்தாக வேண்டும் என்று கணக்கு. வசனம் பல நேரம் அன்றைக்குக் காலையில்தான் கைக்கு வரும். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரி வரியாக எடுத்துக்கொடுப்பார், நடிகர்கள் திருப்பிச் சொல்வார்கள். எல்லாருடைய வசனத்தையும் எடுத்து முடித்த பிறகு, ரியாக்‌ஷன் என்று சொல்லி ஒவ்வொருவர் முகத்தையும் தனித்தனியாக எடுப்பார்கள். எதிரில் யாருமே இருக்கமாட்டார்கள். வெறும் சுவரைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டும், வருத்தப்பட வேண்டும், சந்தேகப்பட வேண்டும். பல நடிகர்கள் இதற்கென்று நாலு முகம் வைத்திருப்பார்கள், அதையே மாற்றி மாற்றிப் போடுவார்கள். டெல்லி கணேஷ் சுவரைப் பார்த்தாலும், அங்கே ஒருவர் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதாகத்தான் நமக்குத் தெரியும். மகள் சொல்வதைக் கேட்கும் அப்பாவின் முகத்தில், முதல் சொல்லுக்கும் கடைசிச் சொல்லுக்கும் இடையில் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கும். தினம் தினம், மாதக்கணக்கில் அதைச் செய்வது சாதாரண விஷயம் இல்லை.

கடைசிப் பத்து வருஷங்களில் அவர் வேலையைக் குறைத்துக்கொள்ளவில்லை. 2015இல் 'பாபநாசம்' வந்தது. ஜெயமோகன் வசனம் எழுதிய அந்தப் படம் முழுக்க நெல்லைத் தமிழ் பேசும். கமலின் மனைவி ராணியின் அப்பாவாக டெல்லி கணேஷ். மற்ற நடிகர்கள் பலர் அந்தப் பேச்சைப் பயிற்சி எடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வல்லநாட்டுக்காரருக்கு அந்தப் பாடம் தேவைப்பட்டிருக்காது. 2018இல் 'இரும்புத்திரை'யில் விஷாலின் அப்பா. கடன் வாங்கிவிட்டு, மகன் கண்ணைப் பார்க்க முடியாமல் தவிக்கும் நடுத்தர வர்க்கத்து மனிதர். சைபர் திருட்டைப் பற்றிய பரபரப்பான படம் அது. அதில் வீடு என்று ஒன்று இருப்பதாக நம்பவைத்தவர் அவர். 2024 ஜூலையில் வந்த 'இந்தியன் 2' வரை திரையில் இருந்தார்.

குறும்படம் எடுக்கும் பையன்கள் கூப்பிட்டாலும் போனார். சென்னையில் பேட்மேன் பிறந்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு இணையக் காணொளி வந்தது. அதில் பேட்மேன் வீட்டுப் பணியாளர் ஆல்பிரட் வேடம் அவருக்கு. அவர் பெயரையே கேள்விப்படாத ஒரு தலைமுறை அதன் வழியாக அவரிடம் வந்து சேர்ந்தது. அதிலும் மணி ஐயரிடம் பார்த்த அதே ஒழுங்கு. கூத்து எல்லாம் மற்றவர்களுக்கு. இவர் தன் எஜமானனை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்.

அவர் இறுதிச் சடங்கில் விமானப்படையினர் வந்து, உடல்மேல் படையின் கொடியைப் போர்த்தி மரியாதை செய்தார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்த பலருக்கு அவர் படைவீரராக இருந்ததே அப்போதுதான் தெரிந்திருக்கிறது. கலைமாமணி விருது 1994இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் முப்பது வருஷம் நடித்திருக்கிறார் என்பதை நினைத்தால், இன்னும் பெரிய மரியாதைகள் அவர் உயிரோடு இருக்கும்போதே தேடி வந்திருக்கலாம் என்று தோன்றத்தான் செய்கிறது.

அவரை முதலில் இருந்து பார்க்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: 'பசி'யில் ஆரம்பியுங்கள். அது முடிந்த கையோடு 'மைக்கேல் மதன காமராஜன்' போடுங்கள். நடுவில் இடைவெளி விடாதீர்கள், முனியாண்டியின் குரல் காதில் இருக்கும்போதே மணி ஐயர் பேச வேண்டும். மூன்றாவதாக 'நாயகன்'. அதில் ஐயர் பேசும் இடங்களை விட்டுவிட்டு, அவர் பேசாமல் இருக்கும் இடங்களை மட்டும் பாருங்கள்.